பீரங்கிக்காரனின் காது

நண்பா,

இன்று காலை சேத்துப்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துத் தெருக் கோவிலில் வேட்டு போட்டார்கள். சத்தம் அடங்கியபின் வந்த கருமருந்து வாடை என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன். செத்தவனுக்கு எந்த விலாசம் போடுவாய் என்று கிண்டல் செய்யாதே.

எழுபத்தொன்றில் ஆரணியிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பீரங்கிப் பயிற்சி முகாமுக்குப் போனோம். மகாராஷ்டிரத்தில் ஒரு மொட்டை மலை அடிவாரம். மற்ற காலத்தில் நிதானமாகச் சொல்லித்தரும் பாடத்தை, சண்டை வரப்போகிறது என்று அவசரமாக நம் தலையில் ஏற்றினார்கள். தங்குவதற்குக் கட்டடம் போதாமல் கூடாரம் அடித்திருந்தார்கள். ஒரே பீரங்கியில் அணி மாற்றி அணி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. நமக்குத் தெரிந்த இந்தியெல்லாம் ஆரணிக் கடைத்தெருவின் ஜல்தியும் பேஜாரும்தான். பயிற்சி கொடுத்த உஸ்தாத் என்ன கத்தினாலும், “ஜல்தின்றாருடா” என்று எனக்கு அர்த்தம் சொல்வாய்.

என்னை வண்டி ஓட்டப் போட்டார்கள், உன்னைப் பீரங்கியில். காதில் பஞ்சு, சுடும்போது திறந்த வாய், அவ்வளவுதான் காவல். குண்டு கிளம்பாவிட்டால் யாரும் கிட்டே போகக்கூடாது, அப்படியே நிற்கவேண்டும் என்பது முகாமின் முதல் சட்டம். ஊருக்கு வந்தபிறகும் தீபாவளிக்கு வெடிக்காத வெடியைப் பொறுக்கப் போகும் பிள்ளைகளை அதட்டி நிறுத்துவாய்.

சண்டை முடிந்து வந்த சில வருடங்களில் உனக்குச் சுத்தமாகக் காது கேட்காமல் போனது. வேலூர் டாக்டர் கையை விரித்துவிட்டார். நீ உட்கார்ந்து நெய்த தறியின் சத்தமே உனக்குக் கேட்கவில்லை. பீரங்கி சுட்டவன் என்று ஆடித் திருவிழாவில் வேட்டுக்குழாய் கொளுத்த உன்னைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று உன் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன்.

“அது ஒண்ணுதாண்டா நெஞ்சுல கேக்குது. அதையும் புடுங்கிக்காத” என்றாய்.



எண்பத்திரண்டு ஆடியில், கருமருந்து கெட்டித்து வரிசையாக நட்ட இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டு போனாய். புகை மூடியிருந்தது. பம்பைக்காரர்கள் உன் பக்கத்தில் வந்து அடித்தார்கள். ஒரு குழாய் வெடிக்கவில்லை. பம்பையின் அதிர்வைத்தான் நீ வேட்டு என்று நினைத்திருக்கவேண்டும். மறுபடி மருந்து கெட்டிக்கக் கம்பியை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயிடம் நடந்தாய்.

நானும் உன் மனைவியும் தேருக்கு இந்தப்பக்கம் கூட்டத்தில் மாட்டியிருந்தோம். கத்தினேன். பம்பை நின்றது, கூட்டமே கத்தியது. உனக்கு மட்டும் கேட்கவில்லை. உன் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “கத்துங்கண்ணா, இன்னும் கத்துங்க. உங்க குரல்னா திரும்புவாரு.”

நீ திரும்பவில்லை. குழாயின்மேல் குனிந்தாய்.

அந்த முகாமில் இன்றும் சுட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து யாரையும் நான் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. பேரப்பிள்ளை தெருவில் இறங்கினாலும் வாய் வராது. மூச்சிரைக்க ஓடிப்போய் முன்னால் நிற்கிறேன்.