வழிக்கு ஒரு பிடி கோப்பிக்கொட்டை

மெரிலேண்ட்ஸ், சிட்னி
ஆடி 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா போய்விட்டா என்ற தந்தி, எல்லாம் முடிந்து நாலாம் நாள்தான் வந்தது. ஏன் பிந்தியது என்று நான் கேட்கவில்லை. உங்கள் சொல்லை மீறி இவரைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு அதுவாவது வந்ததே.

இவர் தேத்தண்ணி வைக்க அடுப்பை மூட்டப் போனார்.

"செத்த வீட்டில மூட்டுறதில்லையப்பா. அயலுக்குள்ள இருந்துதான் கோப்பி வரும்," என்று மறித்தேன்.

"இஞ்ச ஆர் கொண்டு வாறது?" என்றார்.

பக்கத்து வீட்டு அல்மாஸ் கொண்டு வந்தாள். இவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் எதியோப்பியாக்காரி. பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியிருந்தாள்.

கோப்பி முதன்முதல் அவளுடைய நாட்டுக் காட்டில்தான் விளைந்ததாம். அந்தக் காலத்தில் அதைக் குடிப்பதில்லையாம். பழத்தை இடித்து, நெய் விட்டு உருட்டி, தூர வழி போகிறவர்களுக்குக் கட்டிக் கொடுப்பார்களாம். களைத்த இடத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நடப்பார்களாம்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வாய்க்கரிசி போட நான் இருக்கவில்லை.

இந்த உறைக்குள் ஒரு பிடி பச்சைக் கொட்டை வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலை போகும்போது, சாம்பலோடு கடலில் விடுங்கள். யார் அனுப்பியது என்று ஐயருக்கோ சொந்தக்காரருக்கோ சொல்ல வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் சொல்லுங்கள்.

இன்னும்,
உங்கள் தங்கை