வண்டி நோட்டில் ஒரு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. அங்கே நீயும் உன் புது ரொட்டி அடுப்பும் சுகம்தானா என்று இரண்டு வரி எழுது. போனில் பேசினால் அப்பாவின் காது என் பக்கத்திலேயே இருக்கும், அதனால்தான் கடிதம்.

உன் கடிதம் வந்தபோது அப்பா ஒரு மளிகைக் கடைத் தராசைப் பிரித்து மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார், அவர் காதில் விழட்டும் என்றே உரக்கப் படித்தேன். நீ நல்ல வேலையை விட்டுவிட்டு ரொட்டிக் கடை வைக்கிறேன் என்ற நாளிலிருந்து எட்டு மாதமாக உன்னோடு பேசாத மனுஷன், அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை கடை திறப்பு என்ற வரிக்குத் தலையைத் தூக்கவில்லை. ஆனால் ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க வண்டி வேண்டும், கையிலிருக்கும் பணத்தை மொத்தமாகப் போட்டுப் பெரிய வண்டியாக எடுத்தால் வரி நன்றாகக் குறையுமாமே என்று கேட்டிருந்தாயே, அந்த இடத்தில் அவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. யாரு சொன்னா அவளுக்கு, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும் என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, நான் அவளுக்குச் சொல்லலை, பொதுவாச் சொல்றேன் என்று அரை மணி நேரம் பொதுவாகவே சொன்னார்.

அதை அப்படியே எழுதுகிறேன். வரியில் பத்து மிச்சம் பிடிக்க நூறைச் செலவழிக்காதே. கைப்பணத்தை வண்டியில் போட்டுவிட்டால் மாவு வாங்க யாரிடம் போய் நிற்பாய்? கடனில் எடுத்தால் வட்டியைத் தொழில் செலவாகக் காட்டலாம், வண்டி பழசாகப் பழசாகக் குறைகிற மதிப்பையும் வருஷா வருஷம் கழிக்கலாம். மாத வாடகைக்கு எடுத்தால் வாடகையே செலவுக் கணக்கில் போகும், ஆனால் வண்டி கடைசிவரை உன்னுடையது ஆகாது. ஓட்டம் கொஞ்சம்தான் என்றால் நல்ல பழைய வண்டியே போதும். எப்படி எடுத்தாலும் தொழிலுக்கு ஓடின பங்குக்குத்தான் சலுகை, அதனால் முதல் நாளே ஒரு நோட்டுப் போடு. ஊருக்கு ஊர் சட்டம் மாறும், கையெழுத்துப் போடுமுன் உன் ஆடிட்டரைக் கேள்.

நோட்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பா எடைக்கற்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்க்க வண்டி வாங்கி ஒன்றரை வருஷமாகிறது இல்லையா, அவர் நோட்டில் தொழிலுக்கு ஒரு கட்டம், வீட்டுக்கு ஒரு கட்டம். தராசுக்காரருக்குக் கிராம் பிசகினால் தூக்கம் வராதே. என்னைப் பல் டாக்டர் வாசலில் இறக்கிவிட வழியில் திரும்பினதற்கு வீட்டுக் கட்டத்தில் ‘நானூறு மீட்டர், மனைவியின் பல்’ என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்து அவருடைய ஆடிட்டர் சிரித்த சிரிப்பில் டீ மேஜையெல்லாம் கொட்டிவிட்டது. மார்க்கெட்டுக்கு வண்டியில் விடுங்கள் என்றால் தொழில் பங்கு கெட்டுப்போகும் என்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். வாசலில் வண்டி நிற்க, பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கிற முதலாளியம்மா நான் ஒருத்திதான்.

திறப்புக்குப் போகலாமா என்று கேட்டதற்கும் அதே பாட்டு. போக முந்நூற்று நாற்பது, வர முந்நூற்று நாற்பது, வருஷக் கணக்கே சாய்ஞ்சிடும் என்றார். உங்க வீம்புக்குக் கிலோமீட்டர் மேல பழி போடாதீங்க என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

மறுநாள் ஆடிட்டர் எனக்குப் போன் செய்தார். அப்பா அவரிடம் போய், மகள் கடைத் தராசைச் சரிபார்த்துவிட்டு வந்தால் அந்தப் பயணம் தொழிலில் சேருமா என்று கேட்டாராம். பில் போட்டு மகளிடம் காசு வாங்குவீர்களா என்று ஆடிட்டர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அவகிட்டயா என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டாராம்.

நேற்று அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். இன்னும் வராத அந்த வெள்ளிக்கிழமைக்கு இப்போதே எழுதிவிட்டார், பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல். ‘மகளின் கடை, அறுநூற்று எண்பது கிலோமீட்டர்.’ வீட்டுக் கட்டத்தில்.

நான் பார்த்ததை நீ காட்டிக்கொள்ளாதே. எடைக்கற்களையும் தூக்கிக்கொண்டுதான் வருவார், உன் தராசில் ஒரு கிராம் தள்ளியிருந்தால் கூட்டத்திலேயே சொல்லிக் காட்டுவார், அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு சரிப்பா என்று சொல். வேளைக்குச் சாப்பிடு, அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதே. கடை நிறைந்து நீ நன்றாயிரு, என் ஆசி எப்போதும் உண்டு. உறையை ஒட்டப் போனேன், அப்பா எட்டிப் பார்த்து, அவ தராசு எத்தனை கிலோ தாங்கும்னு கேட்டு எழுது, சும்மா, பொதுவாத்தான் என்கிறார். மறக்காமல் பதில் போடு, அவர் பெயருக்கே போடு.

உன் அம்மா