சீனத்துச் சிலைகளும் என் கதிரையும்

அன்பின் ஜெகதீஸ்வரிக்கு,

நீரும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையுமில்லை, கோபம் மட்டும்தான்.

இந்த டவுன்டவுன் காட்சிக்கூடத்தில் சீன மண்சிலை அறை முழுக்க என் காவல். நான் இல்லாவிட்டால் கதவே திறக்காது. இரண்டாயிரம் வருசத்துக்கு முன் செத்த பிரபுவுக்குப் பணிவிடை செய்யவென்று கல்லறைக்குள் வைத்த பெண்சிலைகள். கைகள் சட்டைக்குள்ளே, பாவாடை மணிபோல விரிந்து, உதட்டில் சிவப்புச் சாயம் இன்னும் இருக்கிறது. ஒரு மடிப்புக்கூடச் செதுக்காமல் குயவன் உயிரைக் கொண்டுவந்துவிட்டான். நான் விளக்கினால் பேராசிரியர்களே குறிப்பெடுக்கிறார்கள்!

நேற்று மேலாளர் தாட்சாயினி, எங்கள் ஆட்களின் பிள்ளைதான், நான் உட்காரும் கதிரையைத் தூக்கிவிட்டாள்.

"அங்கிள், செக்கியூரிட்டி கதிரையில இருக்கக் கூடாது. சனத்தோட கதைக்கவும் கூடாது."

"அப்ப என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வை பிள்ளை!"

சிரித்துவிட்டுப் போகிறாள்! வேலையை அவள் முகத்தில் எறிந்திருப்பேன். ஆனால் மனைவியென்று உம்மை இங்கே கூப்பிடும் விண்ணப்பத்துக்கு இந்த வேலை வேண்டும். நீர் வந்து இறங்கும்வரை வாய் திறக்காமல் நிற்பேன்.

முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பும், பெரிய போத்தலாக. கடிதத்தையும் நீளமாக எழுதும். பகல் முழுக்க என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை.

தரிப்பில் இருந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உம்முடைய
பேரின்பநாதன்