அப்பாவுக்கு வண்டி சொல்லிக்கொடுத்த மூன்று பேர்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நாங்கள் இருவரும், என் வலது தோள் நீங்கலாக, சௌக்கியம். அங்கே நீ முழுசாகச் சௌக்கியம் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். புது அலுவலகத்தில் இரண்டு குழு இருக்கிறது, ஒன்றில் எல்லோரும் கெட்டிக்காரர்கள், ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை, இன்னொன்றில் நாள் முழுக்கச் சத்தம், யாரோடு சேர்ந்தால் நான் உருப்படுவேன் என்று கேட்டிருக்கிறாய். உருப்படுவதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்ட முதல் ஆள் நீதான். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று நம் வீட்டு அலமாரியில் ஏழெட்டுப் புத்தகம் இருக்கிறது, எல்லாவற்றையும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது, பக்கத்தில் இன்னொரு ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. அதனால் அவற்றை விட்டுவிட்டு உன் அப்பா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட விவரத்தைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

தோளில் அறுவைச் சிகிச்சை ஆனதும் ஒரு வருடம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பதினாலு கிலோமீட்டர், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அதுவரை உன் மாமாதான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தான். அடுத்த மாதக் கடைசியோடு அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஒண்ணாந்தேதியிலேருந்து எப்படி வருவீங்க, லேபுக்கு வேற ஆள் பாக்கணும்னா இப்பவே பாக்கணும்" என்று மிகுந்த அன்போடு விசாரித்தார். அந்த லேபில் எந்தப் பாட்டிலின் மூடி எந்தப் பக்கம் திரும்பும் என்று இருபத்திரண்டு வருடமாக எனக்கு மட்டும்தான் தெரியும். ஆக உன் அப்பா லைசென்ஸ் வாங்கினால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மூன்று முறை தேர்வில் தவறினால் அறுபது நாள் கழித்துத்தான் மறுபடி மனுப் போடலாம் என்பது சட்டம். உன் அப்பா முப்பத்தோரு வருடம் நில அளவை அலுவலகத்தில் சாலைகளை வரைந்தவர், எந்தச் சந்து எங்கே முட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறந்துகொண்டு வண்டியில் உட்கார்ந்தால்தான் தகராறு. முதல் பாடம் நான்தான் நடத்தினேன், எட்டு நிமிடம் நடந்தது, அதற்கப்புறம் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, எனவே என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து உன் மாமா. பத்தே நாளில் கியர், க்ளட்ச் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வண்டியைப் பாதி காலாலும் பாதி வாயாலும் ஓட்டுகிறவன். கல்யாணமான நாளிலிருந்து "அடடா"வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத உன் அப்பா எட்டாம் நாள் குளியலறைக் குழாயை என்னென்னவோ சொல்லித் திட்டினார், எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேர்வன்று பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்க, குறுக்கே ஏணியோடு ஒரு சைக்கிள்காரர் வந்திருக்கிறார். உன் அப்பா நிதானமாகக் கண்ணாடியை இறக்கி, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அதிகாரி வெகுநேரம் எழுதினாராம். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, "நான் கியர்தான் சொல்லிக்குடுத்தேன், இதை அத்தானுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" என்று என்னிடமே கேட்கிறான்.

இரண்டாவது நம் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர், பத்தொன்பது வருடமாக ஒரு கீறல் இல்லாமல் கார் வைத்திருப்பவர். அது அநேகமாக நின்றுகொண்டே இருக்கும் கார் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவரோடு இருந்த ஒன்பது நாளில் உன் அப்பா வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது நின்று இரண்டு பக்கமும் பார்க்க ஆரம்பித்தார். இரண்டாம் தேர்வில் நாற்சந்தியில் பதினோரு வண்டிகளுக்கும் ஒரு நாய்க்கும் வழிவிட்டுக் காத்திருந்ததில் நேரம் முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நான் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு வரி எழுதிவைத்தேன், உன்னிடம் மறைப்பதற்கென்ன. எங்கள் பள்ளி வேன் மறுபக்கத்துக் கிராமங்களுக்குத்தான் போகும், நம் பக்கம் வராது, மறுநாள் அதை ஓட்டுகிற பெண்ணிடம் உன் அப்பாவே போய்க் கேட்டார். உன்னைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும் அவளுக்கு. "எனக்குச் சொல்லிக்குடுக்கல்லாம் வராது சார், பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு, வேணும்னா ஏறி உக்காருங்க" என்றாளாம். மாமா என்னை விட வரும்போது கூடவே வந்து, பதினைந்து நாள் காலையும் மாலையும் ஏறி உட்கார்ந்தார். அவள் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறவள், "பால் வண்டி நிக்குது, கதவு திறக்கும்... பந்து உருளுது, பின்னாடியே ஆள் வரும்" என்று. பெரிய விஷயம் அதுவல்ல. வளைவில் கொஞ்சம் அகலமாகத் திரும்பிவிட்டால், "இது தப்பு, எம்மேலதான்" என்று அதையும் சத்தமாகச் சொல்லிவிட்டு மேலே போகிறாள். பின்னால் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். இறங்கும்போது, "அக்கா, இன்னைக்கு மூணு!" என்று கத்தினால், "நாலுடா, ஒண்ணு நீங்க பாக்கல" என்கிறாளாம். தவறு செய்வதை இவ்வளவு சிக்கனமாக முடித்துக்கொள்ளலாம் என்பது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது, நாம் ஒரு தவறுக்குக் குறைந்தது ஒரு வாரம் எடுத்துக்கொள்வோம்.

மூன்றாம் தேர்வுக்கும் அதே அதிகாரி. இவரைப் பார்த்ததும் சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாராம். இவர் பாட்டுக்கு, "லாரி திரும்புது, ஒருத்தர் போன் பேசிட்டே இறங்கறார்" என்று சொல்லிக்கொண்டே போக, "எங்கிட்டயா சொல்றீங்க?" என்று கேட்டாராம் அவர். மேட்டில் ஏறும்போது என்ஜின் நின்று, வண்டி ஒரு சாண் பின்னால் சரிந்துவிட்டது. முன்பு என்றால் ஒன்று மேட்டைத் திட்டியிருப்பார், இல்லை, அங்கேயே அறுபது நாள் நின்றிருப்பார். "தப்பு எம்மேலதான் சார், க்ளட்சை சீக்கிரம் விட்டுட்டேன்" என்று கைபிரேக்கை இழுத்து, மறுபடி கிளப்பி மேலே ஏற்றிவிட்டார். முடிந்ததும் அதிகாரி, "அன்னைக்கு சைக்கிள்காரர்கிட்ட பேசினது நீங்கதானே?" என்று கேட்டாராம். "ஆமா சார், அதுவும் எம்மேலதான்" என்றாராம் இவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

உன் கேள்விக்கு வருகிறேன். யாரிடமும் நீ கேட்டதை மட்டும் அளந்து வாங்கிக்கொண்டு வர முடியாது, அவர்கள் இருப்பது எப்படியோ அதுவும் சேர்ந்துதான் வரும். வாயே திறக்காத கெட்டிக்காரர்களோடு இருந்தால் நீயும் கெட்டிக்காரி ஆகலாம், வாயே திறக்காமல் போகவும் செய்யலாம், அப்புறம் உன்னை நான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது. சத்தமாக இருக்கிறவர்கள் எதைச் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று இரண்டு நாள் காது கொடுத்துக் கேள். அடுத்தவன் தவறைச் சொல்கிறார்கள் என்றால் அது உன் மாமா. தங்கள் தவறைச் சொல்கிறார்கள் என்றால் நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்.

ஒண்ணாந்தேதியிலிருந்து அவர்தான் என்னைக் கொண்டுபோய் விடுகிறார். ஒரு சங்கதி மட்டும் எனக்குப் புரியவில்லை. ஐந்தரைக்குக் கூட்டிப்போக வரவேண்டியவர் நாலு மணிக்கே வந்து காரை வாசலில் நிறுத்திவிட்டு வேனில் ஏறிப் போய்விடுகிறார். அதான் பாஸ் பண்ணியாச்சே என்றேன். "பாஸ்தான் பண்ணியிருக்கேன், ஓட்ட எங்க தெரியும்?" என்கிறார். நேற்று லேபைச் சீக்கிரம் பூட்டிவிட்டு நானும் போனேன். பின் சீட்டில் பிள்ளைகள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் அமைய வேண்டும், உன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கும் அப்படியே ஆகட்டும் என்று இருவரும் ஆசீர்வாதம் செய்கிறோம். கண் பரிசோதனைக்குப் போ, போன கடிதத்திலும் எழுதினேன். எந்தக் குழு என்பதை மாமாவிடம் சொல்வதற்கு முன் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கும்
உன் அம்மா