உண்டியலில் போட்ட சளிச் சீட்டு

மாமாவுக்கு,

அண்ணனோடு முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கம்மங்கஞ்சி உறியில் இருக்கிறது.

போன வருஷம் உங்கள் சளியில் காசநோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை, நேர்த்திக்கடன் என்று வீரபாண்டி ஆத்தா உண்டியலில் போட்டுவிட்டீர்கள். இப்போது மறுபடியும் இருமல். புது டாக்டர் அந்தச் சீட்டைக் கேட்கிறார். நேற்று அதைச் சொன்னதற்கு, "ஆத்தாளுக்குக் கொடுத்ததத் திரும்பக் கேப்பியா?" என்று சாப்பிடாமல் எழுந்து போனீர்கள்.

ஆத்தாளுக்குச் சீட்டு இல்லாமலே தெரியும். டாக்டருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்து நகல் எழுதி வாங்கி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டப்போகிறேன்.

உங்கள் மனைவி மாயக்காள்

கஞ்சியை மிச்சம் வைக்காதீர்கள்.

டாக்டர் கொடுத்த டப்பா மாடத்தில் இருக்கிறது; அதில் நாளைக் காலைச் சளியைப் பிடிக்க வேண்டும். அதற்கு வரும் சீட்டில் எது எழுதியிருந்தாலும், ஆத்தாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் கையில் கொடுங்கள்.