அம்மா தட்டில் மீன்

அண்ணா,

இனி அம்மா தட்டில் மீன் வை. கேட்கவே கூடாதென்று அண்ணி என் வாயை அடைத்ததைத்தான் கேட்கிறேன்.

அப்பா போனதிலிருந்து, விதவைக்கு ஆகாதென்று மீன், முட்டை, மசூர் பருப்புகூட அவளுக்கு இல்லை. கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன, ரத்தத்தில் புரதம் குறைந்துதான் கால் வீங்குகிறது, சாப்பாடுதான் மருந்து என்கிறார் டாக்டர். ரத்தத்தின் நீரைக் கசியாமல் பிடித்து வைப்பது அந்தப் புரதமாம். ஒரு துளிக்குள் அப்படியோர் அணை! அழுத்தினால் குழி விழும் அந்த வீங்கிய காலோடு நின்றுதான் நமக்குத் தினமும் மீன் பொரித்தாள்.

"பாவம் யாரைடி சேரும்?" என்றாள் அண்ணி. என்னைச் சேரட்டும்.

காலையில் கடுகுக் குழம்பு மீனை ஊட்டினேன். அம்மா முள்ளையும் உறிஞ்சினாள்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஷெஃபாலி மாசியிடம். அம்மாவை பர்த்வானில் இருக்கும் என் அறைக்குக் கூட்டிப் போகிறேன். அவள் தட்டில் மீன் வைப்பதானால் வந்து அழைத்துப் போ.

ஜூமுர்

சட்டியில் மீன் தேடாதே. அவள் தின்றது உன் பங்கு.