நேற்று நின்ற பஸ்

அப்பா,

சாவி கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குது. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுச் சாப்பிடுங்க.

வெளியே போனா என் விலாசம் எழுதின சீட்டு சட்டைப்பையில இருக்கட்டும். போனை சார்ஜ் போட்டு எடுத்துக்குங்க. ரோட்டைக் கடக்க சிக்னல்ல பச்சை விழுற வரைக்கும் நில்லுங்க. நம்ம ஊர் மாதிரி கையை நீட்டிக்கிட்டே இறங்கினா இங்க எந்த வண்டியும் நிக்காது.

நேத்து ஒரு பஸ் நின்னுச்சே, அதை ஓட்டினது நான்தான். பிரேக்கை மிதிச்ச மிதியில பின்னால நின்னவங்க எல்லாம் சரிஞ்சுட்டாங்க. உங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல. நீங்க நிமிர்ந்துகூடப் பாக்காம நடந்து போனீங்க. "சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா"ன்னு திட்ட வாயெடுத்தேன். அப்பதான் உங்க கையில அந்தப் பையைப் பாத்தேன். காலையில உங்ககூட சண்டை போட்டுட்டு, வேணும்னே நான் விட்டுட்டு வந்த சாப்பாட்டுப் பை.

ராத்திரி நேர்ல சொல்ல நெனச்சேன், முடியல. அதான் இப்ப எழுதி வச்சுட்டுப் போறேன்.

வேலையை விட்டுட்டு ஊருக்கு வரச் சொன்னீங்களே, அதைச் சாயங்காலம் பேசுவோம். கத்த மாட்டேன்.

பி.கு.: இன்னிக்குச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கிட்டேன். சமையலறையில இருக்கிறது உங்க பங்கு. அதையும் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க.